உடைந்த கடைவாய்ப்பல்: கேப் போட்டே ஆக வேண்டுமா, ஆன்லே போதுமா?

கடிதத்தின் சுருக்கம்: வாசகிக்கு வயது 41. கீழ்த்தாடையில் வலப்பக்க முதல் கடைவாய்ப்பல்லில் 15 வருடங்களுக்கு முன் வெள்ளி நிற அமால்கம் அடைப்பு வைத்திருக்கிறார். போன மாதம் எதையோ மென்றபோது அந்தப் பல்லின் நாக்குப் பக்கத்து முகடு ஒன்று துண்டாகப் பெயர்ந்து வந்துவிட்டது. தானாக வலி வருவதில்லை. குளிர்ந்த தண்ணீர் பட்டால் மட்டும் ஓரிரு நொடி கூசுகிறது, உடனே அடங்கிவிடுகிறது. எக்ஸ்ரேயில் வேர் நுனி சுத்தமாக இருக்கிறது.

மூன்று பல் மருத்துவர்களைப் பார்த்திருக்கிறார். முதலாமவர், "ரூட் கெனால் செய்து கேப் போட்டுவிடுவோம், பிறகு தொந்தரவே இருக்காது" என்கிறார். இரண்டாமவர் பல்லை அளந்து பார்த்து, நாக்குப் பக்கம் மிஞ்சியிருக்கும் சுவர் 1.5 மில்லிமீட்டர், கன்னப் பக்கச் சுவர்கள் 3 மில்லிமீட்டருக்கு மேல், உடைந்த விளிம்பு ஈறுக்குச் சற்று மேலேயே நிற்கிறது என்று எழுதிக்கொடுத்து, ஆன்லே போதும் என்கிறார். கூடவே, மேல் முன்கடைவாய்ப்பல் ஒன்றில் இருக்கும் சின்ன அடைப்பையும் எடுத்துவிட்டு இன்லே வைக்கலாம் என்கிறார். மூன்றாமவர், சாதாரண ஃபில்லிங்கே போதும் என்று சொல்லிவிட்டார். வாசகி தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதாக அவர் கணவர் சொல்கிறார். "ஆன்லே புதுசாக வந்த முறை, வெறும் பசையில் நிற்பது, கழன்று விழுந்துவிடும், கேப் என்றால் ஆயுளுக்கும் கவலையில்லை" என்று உறவினர் ஒருவர் பயமுறுத்தியிருக்கிறார். யாரை நம்புவது என்பது அவர் கேள்வி.

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் அனுப்பிய அளவுகளை வைத்துச் சொன்னால், உங்கள் கடைவாய்ப்பல்லுக்கு ஆன்லேதான் பொருத்தம். பல்லின் நரம்பை எடுத்துவிட்டு அடைக்கும் ரூட் கெனால் இப்போது தேவையில்லை. மேல் பல்லுக்கு இன்லேயும் தேவையில்லை. பல்லை நேரில் பார்க்காமல் சொல்கிறேன் என்பதால், இந்த முடிவை மாற்றக்கூடிய விஷயங்கள் எவை என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். அவற்றை உங்கள் மருத்துவரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். கடைவாய்ப்பல்லின் மேற்பரப்பு சின்னச் சின்ன மலைகளும் நடுவில் பள்ளத்தாக்குமாக இருக்கும். அந்த மலைகளைத்தான் முகடுகள் என்கிறோம். முகடுகளுக்கு உள்ளேயே, பள்ளத்தாக்கில் மட்டும் பதிந்து உட்காருவது இன்லே. ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட முகடுகளின் தலையையும் சேர்த்து மூடினால் அது ஆன்லே. பல்லைச் சுற்றிலும் சீவிவிட்டுத் தொப்பி மாதிரி ஈறு வரைக்கும் கவிழ்ப்பது கேப் என்று எல்லோரும் சொல்லும் கிரௌன். ஃபில்லிங் வாயிலேயே, பல்லுக்குள்ளேயே உருவாக்கப்படுவது. இன்லேயும் ஆன்லேயும் அளவெடுத்து, வாய்க்கு வெளியே செய்து, பிறகு கொண்டுவந்து ஒட்டப்படுபவை.

சுவர்தான் முடிவு செய்கிறது

மூன்று மருத்துவர்கள் மூன்று விதமாகச் சொன்னார்கள் என்று நீங்கள் கலங்கியிருக்கிறீர்கள். இதில் இரண்டாமவர் சொன்னதற்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பதற்குக் காரணம், அவர் அளந்து பார்த்தார் என்பதுதான். மிஞ்சியிருக்கும் சுவர் எவ்வளவு தடிமன் என்று தெரியாமல் ஃபில்லிங்கா, ஆன்லேயா, கேப்பா என்று முடிவு செய்ய முடியாது.

உயிருள்ள பல்லில், அதாவது நரம்பு சாகாத பல்லில், ஒரு முகட்டின் அடித்தடிமன் 2 மில்லிமீட்டருக்குக் குறைந்துவிட்டால் அந்த முகட்டை மூடிவிடுவது நல்லது என்பது நாங்கள் பின்பற்றும் பொது அளவு. ரூட் கெனால் செய்த பல் என்றால் 3 மில்லிமீட்டர் என்று இன்னும் கண்டிப்பாகப் பார்ப்போம். அடைப்புப் பள்ளத்தின் அகலம் எதிரெதிர் முகடுகளுக்கு நடுவிலுள்ள தூரத்தில் பாதிக்கு மேல் போனாலும் இதே எச்சரிக்கைதான். உங்கள் நாக்குப் பக்கச் சுவரில் மிச்சம் 1.5 மில்லிமீட்டர். அதன் பக்கத்து முகடு ஏற்கெனவே போய்விட்டது. கீழ்க் கடைவாய்ப்பற்களில் அடிக்கடி உடைவதும் இந்த நாக்குப் பக்கம்தான். அங்கே வெறும் ஃபில்லிங் வைத்தால் இன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு முறை மெல்லும்போதும் அந்த மெல்லிய சுவர் கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்பக்கம் வளையும். ஒருநாள் அதுவும் முறியும். முறிவு ஈறுக்கு மேலேயே நின்றால் பிழைத்தோம். ஈறுக்குக் கீழே வேரில் இறங்கிவிட்டால் பல்லையே எடுக்க வேண்டி வரலாம். மூன்றாமவர் சொன்ன ஃபில்லிங்கை நான் ஏற்காததற்கு இதுதான் காரணம். செலவோ நேரமோ இப்போது கைகூடவில்லை என்றால், மெல்லிய முகட்டையும் குறைத்து அதன் மேல் காம்போசிட் என்ற பல் நிறப் பிசின் அடைப்பைப் பரப்பி மூடுகிற ஃபில்லிங் ஒரு நியாயமான இடைக்கால வழி. முகட்டை மூடாத ஃபில்லிங் மட்டும் வேண்டாம்.

கன்னப் பக்கச் சுவர்கள் 3 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கின்றன. கீழ்ப்பல்லில் மெல்லும் பாரத்தைத் தாங்குபவை கன்னப் பக்க முகடுகள். அவை திடமாக இருப்பது உங்கள் நல்ல காலம். இரண்டு நாக்குப் பக்க முகடுகளையும் மூடி, கன்னப் பக்கத்தைத் தொடாமல் விடும் ஆன்லேயே போதும். ஒரே ஒரு நிபந்தனை: பழைய அமால்கத்தை எடுத்த பிறகு அடியில் விரிசல் கோடு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பல்லின் ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சத்தைப் பாய்ச்சினால், விரிசல் இருக்கும் இடத்தில் வெளிச்சம் தடைபட்டு மறுபாதி இருண்டு நிற்கும். கன்னப் பக்க முகட்டின் அடியிலும் அப்படி ஒரு கோடு ஓடினால், நீங்கள் பல்லை நறநறப்பவர் என்பதையும் சேர்த்துப் பார்த்து, நான்கைந்து முகடுகளையும் மூடிவிடுவதே புத்திசாலித்தனம். ஆகவே, "அடைப்பை எடுத்துப் பார்த்த பிறகு ஆன்லேயின் பரப்பு மாறலாம்" என்று மருத்துவர் சொன்னால் அவர் பேச்சு மாறுகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். சரியாகச் செய்பவர் அப்படித்தான் சொல்வார்.

கேப் ஏன் இப்போது வேண்டாம்? முழு கிரௌனுக்காகச் சீவும்போது, ஈறுக்கு மேலே தெரியும் பல்லின் பொருளில் சுமார் மூன்றில் இரண்டிலிருந்து நான்கில் மூன்று பங்கு வரை போய்விடுகிறது. திடமாக நிற்கும் உங்கள் கன்னப் பக்கச் சுவரின் வெளித்தோலான எனாமலையும் அதில் இழப்பீர்கள். சீவிய பல் மறுபடி வளராது. கூடவே, உயிருள்ள பல்லைச் சுற்றிலும் சீவும்போது உள்ளே இருக்கும் நரம்புக்கும் அதிர்ச்சி. அப்படிச் சீவப்பட்ட பற்களில் ஒரு பகுதி சில வருடங்கள் கழித்து நரம்பு செத்து ரூட் கெனாலுக்கு வருகிறது. இன்னொன்றையும் யோசியுங்கள். ஆன்லே என்றைக்காவது தோற்றால் அதே பல்லுக்கு அப்போது கேப் போடலாம். கேப்புக்காகச் சீவிவிட்ட பல்லை ஆன்லேக்குத் திருப்பிக் கொண்டுவர வழியே இல்லை.

"முன்கூட்டியே ரூட் கெனால்"

வலி வந்துவிடுமோ என்ற பயத்தில் நல்ல நரம்பை எடுத்துவிடுவது சரியான யோசனை இல்லை. உங்கள் நரம்பு எப்படி இருக்கிறது என்பதற்கு நீங்களே சாட்சி எழுதியிருக்கிறீர்கள்: குளிர் பட்டால் ஓரிரு நொடி கூசி, உடனே அடங்குகிறது. எனாமல் பெயர்ந்து அதன் அடியிலுள்ள டென்டின் என்ற அடுக்கு வெளியே தெரிகிற எந்தப் பல்லும் அப்படித்தான் கூசும். மூடிவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். குளிர் பட்டு அரை நிமிடத்துக்கு மேல் வலி தங்கினாலோ, சூடு பட்டால் வலித்தாலோ, ஒன்றும் செய்யாமலே இரவில் தூக்கத்தைக் கலைத்தாலோ கதை வேறு. அப்போது ரூட் கெனாலை நானும் சொல்வேன். குளிர்ச் சோதனை செய்து, பக்கத்துப் பல்லோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களா என்று முதல் மருத்துவரிடம் கேளுங்கள். எக்ஸ்ரே மட்டும் நரம்பின் உயிரைக் காட்டாது.

"ரூட் கெனால் செய்தால் பல் காய்ந்து நொறுங்கும்" என்ற பேச்சும் உங்கள் கடிதத்தில் வருகிறது. பல் நொறுங்குவது காய்ந்துபோவதால் என்பதைவிட, உள்ளிருந்து பொருள் போய்விடுவதால்தான். 1989-இல் வெளியான ஒரு சோதனைச்சாலை ஆய்வில் அளந்து பார்த்தார்கள். ரூட் கெனாலுக்கான வேலைகள் பல்லின் விறைப்பைச் சுமார் 5 சதவீதமே குறைத்தன. மேற்பரப்பையும் இரண்டு பக்கங்களையும் சேர்த்துக் குடைந்த பள்ளம் சுமார் 63 சதவீதத்தைக் குறைத்தது. பல்லை வலுவாக வைத்திருப்பது பக்கத்துப் பற்களைத் தொடும் பக்கங்களில் இருக்கும் விளிம்பு மேடுகள். அவை போன பிறகுதான் முகடுகள் துணையின்றி நிற்கின்றன.

புதிய முறையும் இல்லை, வெறும் பசையும் இல்லை

உங்கள் உறவினரின் பயத்துக்கு வருவோம். மெழுகில் வடித்துத் தங்கத்தில் வார்க்கும் இன்லே முறையை வில்லியம் டாகர்ட் 1907-இலேயே பல் மருத்துவத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். எனாமலை அமிலத்தால் லேசாகச் சொரசொரப்பாக்கி அதில் பிசினை ஒட்டவைக்கலாம் என்று மைக்கேல் புவோனோகோரே 1955-இல் காட்டினார். கணினியில் வடிவமைத்து, ஒரே அமர்வில் கடைந்தெடுத்த முதல் செராமிக் இன்லே ஸூரிச் பல்கலைக்கழகத்தில் 1985 செப்டம்பரில் ஒரு நோயாளிக்கு வைக்கப்பட்டது. செராமிக் இன்லே, ஆன்லேகளைப் பத்து வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளைத் தொகுத்தால், பத்தில் ஒன்பது அப்போதும் வாயில் இருக்கின்றன. மறுபுறம், கேப்பும் ஆயுளுக்கு வருவதில்லை. அதன் விளிம்பிலும் சொத்தை விழும், அதன் அடியிலும் பல் முறியும். முறிந்தால் பற்றிக்கொள்ள மிச்சமிருப்பது குறைவு.

பசை என்றதும் மேசை உடைந்தால் ஒட்டுகிற பசையை நினைக்காதீர்கள். பாஸ்பாரிக் அமிலம் பட்ட எனாமல் நுண்ணோக்கியில் தேன்கூடு மாதிரி தெரியும். பிசின் அந்தக் கண்களுக்குள் இறங்கி இறுகிக் கொக்கி போட்டுக்கொள்கிறது. செராமிக்கின் உட்பக்கத்தையும் அதே மாதிரி வேறோர் அமிலத்தால் அரித்து வைக்கிறோம். இரண்டு சொரசொரப்பான பரப்புகளை ஒரு பிசின் ஏடு பிணைக்கும்போது, ஆன்லேயும் பல்லும் ஒன்றாகவே பாரம் தாங்கும். உடைந்த விளிம்பு ஈறுக்கு மேலே நிற்பதை முக்கியமாகச் சொன்னது இதற்காகத்தான். அங்கே சுற்றிலும் எனாமல் கிடைக்கும், ஈரம் புகாமல் ஒட்டவும் முடியும். விளிம்பு முழுக்க ஈறுக்குக் கீழே, எனாமல் இல்லாத வேர்ப்பகுதியில் இருந்திருந்தால் ஆன்லேயை நான் இவ்வளவு தயங்காமல் சொல்லியிருக்க மாட்டேன்.

எந்தப் பொருளில் செய்வது

லித்தியம் டைசிலிகேட் என்ற கண்ணாடிச் செராமிக் உங்கள் பல்லுக்கு என் முதல் தேர்வு. பல்லின் நிறம் வரும், அமிலத்தால் அரித்து நன்றாக ஒட்டவும் முடியும். கடைவதற்கு முன் இது ஊதா கலந்த நீல நிறக் கட்டியாக இருக்கும். கடைந்த பிறகு 850 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் உலையில் வைத்து எடுத்தால்தான் பல் நிறத்துக்கும் முழு வலிமைக்கும் வரும். அந்த நீலத் துண்டைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். முகட்டின் மேல் குறைந்தது 1.5 மில்லிமீட்டர் தடிமன் இதற்குக் கிடைக்க வேண்டும். "கொஞ்சமாகத்தான் சீவினேன்" என்று 0.7 மில்லிமீட்டரில் நிறுத்தினால், பல்லை நறநறப்பவர் வாயில் அது பிளக்கும்.

காம்போசிட்டில் வெளியே செய்து ஒட்டுவது இன்னொரு வழி. கடியை மென்மையாக வாங்கும், ஓரம் பெயர்ந்தால் வாயிலேயே செப்பனிடலாம். ஆனால் பளபளப்பு சீக்கிரம் மங்கும், தேயும். தங்கம் பழையது என்று ஒதுக்க வேண்டாம். மெல்லிய தடிமனே போதும், எதிர்ப்பல்லைத் தேய்க்காது, விளிம்பு மிக நெருக்கமாகப் பொருந்தும். நிறம் பிடிக்காததாலும் விலையாலும்தான் அது ஒதுங்கிவிட்டது. ஜிர்கோனியா மிகக் கடினமானது, சுலபத்தில் உடையாது. ஆனால் கண்ணாடிச் செராமிக்கை அரிக்கிற அமிலம் இதை அரிக்காது. அலுமினாத் தூளால் ஊதிச் சொரசொரப்பாக்கி, அதற்கென்று உள்ள பாண்டிங் திரவத்தை, அதாவது பிசின் பிடிப்பதற்கான திரவத்தை, தடவித்தான் ஒட்ட வேண்டும். ஒட்டுதலையே நம்பி நிற்கும் ஆன்லேக்கு நான் அதை முதலில் எடுப்பதில்லை.

லேபில் செய்ததா, அங்கேயே இயந்திரத்தில் கடைந்ததா என்பது பெரிய விஷயம் இல்லை. பல்லைச் சீவிய விதமும் ஒட்டிய விதமும்தான் பெரிய விஷயம்.

நாற்காலியில் என்ன நடக்க வேண்டும்

முதல் அமர்வில் மரத்துப்போகும் ஊசி போட்டு அமால்கத்தையும் அடியிலுள்ள சொத்தையையும் எடுப்பார்கள். ஆன்லே மேலிருந்து தடங்கலின்றி இறங்கி உட்கார, பள்ளத்தின் சுவர்கள் மேல்நோக்கி லேசாக விரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு சுவரும் 6 முதல் 10 டிகிரி சாய்வு. உள்மூலைகள் எல்லாம் வழவழவென்று உருண்டிருக்க வேண்டும், ஏனென்றால் கூரான மூலையில்தான் செராமிக் பிளக்கத் தொடங்கும். பக்கத்துப் பல்லைத் தொடும் பக்கத்தில் விளிம்பு அந்தப் பல்லிலிருந்து அரை மில்லிமீட்டராவது விலகியிருந்தால்தான் அளவெடுக்கவும் பிறகு சுத்தம் செய்யவும் முடியும்.

பலர் தாண்டிப் போய்விடும் ஒரு படி இங்கே இருக்கிறது. புதிதாகச் சீவிய டென்டினின் மேல் அன்றைக்கே, அளவெடுப்பதற்கு முன்பே, பாண்டிங் திரவத்தைத் தடவி ஒளியால் இறுக்கி மூடிவிட வேண்டும். தற்காலிக அடைப்புடன் காத்திருக்கும் நாட்களில் கூச்சம் குறையும், கடைசியில் ஒட்டும்போது பிடிப்பும் கூடும். "சீவிய உடனே டென்டினை மூடுவீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். பதிலிலேயே மருத்துவரின் பழக்கம் தெரிந்துவிடும்.

அளவெடுத்த பிறகு தற்காலிகமாக மூடுவார்கள். அதில் கிராம்பு எண்ணெயின் சாரமான யூஜினால் கலந்த சிமென்ட் இருக்கக்கூடாது. யூஜினால் பிசினை இறுக விடாது. தற்காலிக மூடி விழுந்துவிட்டால் "இன்னும் நாலு நாள்தானே" என்று விடாதீர்கள். பக்கத்துப் பல் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் ஆன்லே உட்காராது.

இரண்டாம் அமர்வுதான் உயிர்நாடி. ஆன்லேயைப் பல்லில் வைத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். அப்போது கடித்துப் பார்க்கச் சொல்லக்கூடாது, நீங்களும் ஆவலில் கடித்துவிடாதீர்கள். ஒட்டாத செராமிக் முட்டை ஓடு மாதிரி, கடித்தால் இரண்டாகும். பல் நூலை இடுக்கில் விட்டுப் பார்ப்பார்கள். லேசான தடையோடு 'டக்'கென்று இறங்க வேண்டும். நூல் தடையே இல்லாமல் நழுவினால் உணவு மாட்டும். நுழையவே மறுத்தால் ஆன்லே முழுதாக உட்காரவில்லை.

பிறகு பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பை மாட்டி எச்சிலைத் தள்ளி வைப்பார்கள். வாய்க்கு வெளியே, ஆன்லேயின் உட்பக்கத்தை 5 சதவீத ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தால் 20 நொடி அரித்து, கழுவி, செராமிக்கையும் பிசினையும் பிணைக்கும் சைலேன் திரவம் தடவுவார்கள். இந்த அமிலம் வாய்க்குள் வரவே கூடாதது. பல்லின் மேல் முன்பு மூடிய படலத்தை நுண்தூளால் சுத்தம் செய்து, எனாமலில் 37 சதவீத பாஸ்பாரிக் அமிலத்தை 15 முதல் 30 நொடி வைத்துக் கழுவி உலர்த்தினால் எனாமல் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்து நிற்கும். அந்த வெண்மை தெரிந்த பிறகு ஒரு துளி எச்சில் பட்டாலும் மறுபடி முதலிலிருந்து. பிசின் சிமென்டோடு ஆன்லேயை அழுத்தி உட்காரவைத்து, இரண்டு மூன்று நொடி மட்டும் நீல ஒளி காட்டினால் வெளியே பிதுங்கியது அரைப்பதமாக இறுகும். அதை உரித்தெடுத்து, இடுக்கில் நூல் ஓட்டி, பிறகு ஒவ்வொரு பக்கமும் 40 நொடி ஒளி. விளிம்பில் கிளிசரின் ஜெல் தடவி இன்னொரு முறை ஒளி காட்டுவார்கள், காற்று பட்ட பிசின் மேலேடு சரியாக இறுகாது என்பதற்காக. இதற்குப் பிறகுதான், கடி படும் இடத்தில் நிறம் பதிக்கும் மைத்தாளைக் கடிக்கவைத்துக் கடியைச் சரிபார்க்க வேண்டும். கடைசியாகத் தேய்த்த இடத்தைப் பளபளப்பாக்காமல் உங்களை அனுப்பக்கூடாது. சொரசொரப்பாக விட்ட செராமிக் எதிர்ப்பல்லை அரம் போல அராவும், விரிசலும் அங்கிருந்தே கிளம்பும்.

எங்கே தவறிப்போகிறது

செராமிக் ஆன்லே தோற்றால் பெரும்பாலும் பிளவால்தான். தடிமன் போதாமை, கூரான உள்மூலை, உயரமான கடி, இரவில் நறநறப்பு ஆகியவை அதற்குக் காரணங்கள். அடுத்தது விளிம்பில் புதிய சொத்தை. "ஆன்லே வைத்த பல்லில் இனிமேல் பூச்சி வராது" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆன்லேக்குச் சொத்தை வராது, அதைத் தாங்கும் பல்லுக்கு வரும். குறிப்பாக இரு பற்களுக்கு நடுவிலுள்ள அடி விளிம்பில். தினம் ஒருமுறை பல் நூலோ இடைப்பல் பிரஷோ, ஃபுளோரைடு பற்பசையில் இருவேளை துலக்கல், ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒரு எக்ஸ்ரே. கழன்று விழுவது மூன்றாவது. அது நடந்தால் ஒட்டிய நாளில் ஈரம் புகுந்தது என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். விழுந்த துண்டு முழுதாக இருந்தால் பத்திரமாக எடுத்துப் போங்கள், பல நேரம் அதையே திரும்ப ஒட்டலாம்.

ஒட்டிய பிறகு ஒன்றிரண்டு வாரம் குளிருக்குக் கூசுவது சகஜம். ஆனால் கடித்தால் மட்டும் சுரீரென்றால், "போகப் போகப் பழகிவிடும்" என்று காத்திருக்காதீர்கள். மரத்துப்போன வாயோடு நீங்கள் கடித்துக் காட்டிய கடி நம்பத்தக்கதில்லை. மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ போய் மீண்டும் மைத்தாள் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒரு சிறு புள்ளியைத் தேய்த்தால் தீர்ந்துவிடும்.

நறநறப்புக்கு, இரவில் போட்டுக்கொள்ளும் கடினமான அக்ரிலிக் நைட் கார்டு வேண்டும். அதை ஆன்லே ஒட்டிய பிறகு அளவெடுத்துச் செய்யுங்கள். முன்னாலேயே செய்தால் பொருந்தாது. உங்கள் விஷயத்தில் இதைக் கூடுதல் செலவு என்று தள்ளிவிட வேண்டாம். ஆன்லே எத்தனை வருடம் வரும் என்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

உங்களுக்குக் கேட்க உரிமையுள்ளவை

மூன்று பேரிடமும் எடுத்த எக்ஸ்ரேக்கள், புகைப்படங்கள், அளவுகள் உங்களைப் பற்றியவை. நகல் கேட்டு வாங்கலாம், தயங்க வேண்டியதில்லை. சிகிச்சைத் திட்டத்தை எழுத்தில் கேளுங்கள்: எந்த முகடுகள் மூடப்படும், என்ன பொருள், எத்தனை அமர்வு, மொத்தச் செலவு எவ்வளவு. அடைப்பை எடுத்த பிறகு விரிசலோ ஆழமான சொத்தையோ தெரிந்தால் என்ன செய்வார்கள், அப்போது செலவு எவ்வளவு கூடும் என்பதையும் ஊசி போடுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். நரம்பு தெரிய வந்தால் உங்களைக் கேட்காமல் ரூட் கெனாலில் இறங்கக்கூடாது என்று சொல்லிவைக்கலாம். இரண்டாமவரிடம் போவதானால் ரப்பர் விரிப்பு போட்டு ஒட்டுவாரா என்று கட்டாயம் கேளுங்கள். வேறு எந்த வழியிலாவது ஈரத்தைத் தடுப்பேன் என்றால், எப்படி என்று விளக்கச் சொல்லுங்கள்.

மேல் முன்கடைவாய்ப்பல்

இந்த ஓர் இடத்தில் இரண்டாமவரோடு எனக்கு உடன்பாடு இல்லை. நீங்கள் அனுப்பிய படத்தில் அந்த அடைப்பு சிறியது, விளிம்பில் இடைவெளி தெரியவில்லை, உணவு மாட்டுவதும் இல்லை என்கிறீர்கள். முகடுகளுக்கு ஆபத்தில்லாத சிறு பள்ளத்தில், இன்லே நேரடிக் காம்போசிட்டைவிடக் கூடுதலாக உழைக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. அதோடு, இன்லே இறங்கி உட்காருவதற்காக நல்ல பல்லையும் கொஞ்சம் விரித்துச் சீவ வேண்டியிருக்கும். நன்றாக இருக்கும் அடைப்பை அப்படியே விடுங்கள். அடுத்த எக்ஸ்ரேயில் அடியில் கறுப்பு தெரிந்தால் அன்றைக்குப் பேசலாம். மூன்றாமவர் சொன்ன ஃபில்லிங் இந்தப் பல்லுக்கென்றால் சரியாகவே இருக்கும்.

கடைவாய்ப்பல்லைப் பொறுத்தவரை, உடைந்து ஏற்கெனவே ஒரு மாதம் ஆகிவிட்டது. திறந்து கிடக்கும் டென்டினில் சொத்தை வேகமாகப் பரவும், 1.5 மில்லிமீட்டர் சுவரும் துணையின்றி நிற்கிறது. இன்னும் இரண்டு வாரத்துக்குள் நாள் குறித்துவிடுங்கள். அதுவரை அந்தப் பக்கம் கடினமானதை மெல்ல வேண்டாம். கூர்முனை நாக்கை அறுத்தால் நீங்களே எதையும் வைத்துத் தேய்க்காமல், மருத்துவரிடம் போய் மழுக்கித் தற்காலிகமாக மூடச் சொல்லுங்கள். இடையில் வலி தானாக வரத் தொடங்கினாலோ, கடித்துவிட்டு வாயைத் திறக்கும் நொடியில் சுரீரென்று குத்தினாலோ, ஈறில் சிறு கொப்புளம் தெரிந்தாலோ குறித்த நாளுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே போய்விடுங்கள். அப்படி ஒன்று நடந்தால் மேலே சொன்ன முடிவை நானும் மறுபடி யோசிப்பேன்.